போனில் பேச்சு மெதுவாகக் கேட்டால், காசு செலவழிக்கும் முன் இதையெல்லாம் பாருங்கள்

கோவை ஆவாரம்பாளையத்தில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். சுற்றிலும் லேத் பட்டறைகள், மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர்கள், பம்ப் அசெம்பிளி செய்கிற சின்னச் சின்னக் கூடங்கள். டிஸ்ப்ளே உடைந்தது, சார்ஜ் ஏறவில்லை என்பவற்றுக்கு அடுத்தபடியாக என்னிடம் அதிகம் வருகிற புகார் இதுதான்: "வால்யூமு ஃபுல்லா வெச்சிருக்கனுங்க, எதிர்ல பேசறது ஒண்ணுமே கேக்கறதில்லீங்க."

இப்படி வருகிறவர்கள் பலரும் ஸ்பீக்கர் போய்விட்டது, மாற்றியாக வேண்டும் என்று தாங்களே முடிவு செய்துகொண்டு வருகிறார்கள். சிலரிடம் வேறு கடையில் "போர்டு போச்சு" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். ஆனால் முக்கால்வாசிப் பேருடைய போனை நான் திறப்பதே இல்லை. வெளியிலேயே சரியாகிவிடும். எதிரில் பேசுகிறவர் வாயிலிருந்து உங்கள் காதுக்கு வருவதற்குள் அந்தச் சத்தம் பல இடங்களைத் தாண்டி வருகிறது. எந்த இடத்தில் அது தொலைகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதை வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

போனைக் கையில் வாங்கியதும் நான் கேட்கிற முதல் கேள்வி, "எல்லாரும் பேசறதும் மெதுவா கேக்குதுங்களா, இல்ல ஒருத்தரோடது மட்டுமா?" என்பதுதான். நிறையப் பேர் அதை யோசித்தே பார்த்திருக்க மாட்டார்கள். போன மாதம் வந்த ஒரு அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எம் பொண்ணு பேசறது மட்டுந்தான் கண்ணு கேக்கமாட்டீங்குது. பெங்களூர்ல இருக்கறா" என்றார். என் போனிலிருந்து அவரைக் கூப்பிட்டு, தெருவுக்கு நடந்துபோய்ப் பேசினேன். கணீரென்று கேட்டது என்றார். அப்படியென்றால் கோளாறு அவர் கையில் இருக்கிற போனில் இல்லை, பெங்களூரில் இருக்கிற போனில். அந்தப் பெண்ணிடம் பேசி, போன் உறையைக் கழற்றிவிட்டுத் திரும்பக் கூப்பிடச் சொன்னேன். புதிதாக வாங்கிய உறையின் அடிப்பக்கம் மைக் ஓட்டையை மூடிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த அம்மாவும் போனுக்குச் செலவு செய்ய வேண்டியிருக்கவில்லை, மகளும்தான்.

மைக் என்பது போனின் அடியில், சார்ஜர் செருகுகிற இடத்துக்குப் பக்கத்தில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை. பெரும்பாலான ஸ்மார்ட்போன்களில் மேல் விளிம்பிலும் இன்னொரு மைக் உண்டு. சுற்றிலும் உள்ள இரைச்சலைக் கேட்டு, அதை உங்கள் பேச்சிலிருந்து கழிப்பது அதன் வேலை. அது மூடிக்கொண்டாலும் எதிரில் இருப்பவருக்கு உங்கள் குரல் கெட்டுப்போய்க் கேட்கும். இதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். சிம் மாற்றும்போது ஊசியைச் சிம் டிரே ஓட்டையில் விடுவதற்குப் பதிலாக, பக்கத்திலேயே இருக்கிற மைக் ஓட்டையில் விட்டுக் குத்திவிடுகிறார்கள். சில மாடல்களில் இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். டிரேயின் கோட்டுக்குள் இருக்கிற ஓட்டைதான் சிம்முக்கு. தனியாக இருப்பதைத் தொடாதீர்கள்.

சரி, எல்லோருடைய குரலும் மெதுவாகத்தான் கேட்கிறது என்றால் அடுத்து வால்யூம் பட்டன். ரிங்டோனுக்கு ஒரு வால்யூம், பாட்டுக்கும் வீடியோவுக்கும் ஒன்று, பேச்சுக்கு ஒன்று என்று போனில் தனித்தனியாக உண்டு. பேசாத நேரத்தில் பட்டனை அமுக்கினால் ஏறுவது ரிங்டோனோ பாட்டோதான். பேச்சின் வால்யூமை ஏற்ற, அழைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டனை அமுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் பேசும்போதும் இப்படித்தான், பேச்சு ஓடும்போது ஏற்றிப் பாருங்கள். பெரியவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு: பேசும்போது போன் காதில் இருக்கும், பட்டன் கண்ணுக்குத் தெரியாது. அதனால் கடையிலேயே அவர்களைக் கூப்பிட்டு, போன் காதில் இருக்கும்போதே கட்டைவிரலை எடுத்து அந்தப் பட்டன் மேல் வைத்துக் காட்டுவேன். இரண்டு முறை அமுக்கிவிட்டால் கைக்குப் பழகிவிடும்.

அதோடு புளூடூத். இயர்பட்ஸ் டப்பாவின் மூடி சரியாக மூடாமல் பைக்குள் கிடந்தால் போன் அதோடு சேர்ந்துகொண்டே இருக்கும், பேச்சு அங்கே போகும். புளூடூத்தை அணைத்துவிட்டு ஒரு முறை பேசிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. இயர்போனில் ஒரு காதில் மட்டும் மெதுவாகக் கேட்டால் அக்சஸிபிலிட்டி செட்டிங்கில் இடது வலது பேலன்ஸ் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். குழந்தைகள் கையில் போன் போய் வந்தால் இது நகர்ந்திருக்கும்.

இப்போது முக்கியமான சோதனை. பேசிக்கொண்டிருக்கும்போதே லவுட் ஸ்பீக்கரைப் போடுங்கள். போனில் இரண்டு ஸ்பீக்கர் இருக்கிறது. காதில் வைத்துக் கேட்பது மேலே உள்ள சின்னது, நாங்கள் இயர் ஸ்பீக்கர் அல்லது ரிசீவர் என்போம். அடியில் இருப்பது பெரியது, அதைத் தொழிலில் ரிங்கர் என்போம். ரிங்கரில் நன்றாகக் கேட்டு, காதில் வைத்தால் மட்டும் மெதுவாகக் கேட்டால், லைனில் பிரச்சினை இல்லை, மேலே உள்ள ரிசீவர் பக்கம்தான் பிரச்சினை. இரண்டிலும் மெதுவாகக் கேட்டால் வேறு இடத்தில் தேட வேண்டும். சாம்சங் போன் வைத்திருப்பவர்கள் டயல் செய்கிற இடத்தில் *#0*# என்று அடித்தால் ஒரு சோதனைப் பக்கம் திறக்கும். அதில் ரிசீவர் என்ற கட்டத்தைத் தொட்டால் ஒரு ஒலி வரும். நெட்வொர்க், எதிராளி, சிம் எதற்கும் சம்பந்தமில்லாத ஒலி அது. அது தெளிவாகக் கேட்டால் ரிசீவர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

ரிசீவர் பக்கம்தான் கோளாறு என்று தெரிந்தால், அடுத்து பார்க்க வேண்டியது அதன் மேலே இருக்கிற வலை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் என் கடைக்கு வருகிறவற்றில் பெரும்பகுதி இதுதான்.

ரிசீவருக்குள் ஒரு சின்ன காந்தம், அதன் நடுவே மெல்லிய செம்புக் கம்பிச் சுற்று, அதோடு ஒட்டிய ஒரு மெல்லிய தகடு. கம்பியில் மின்சாரம் மாறி மாறிப் போகும்போது தகடு அதிரும், காற்று அசையும், நமக்குக் குரல் கேட்கும். தூசு உள்ளே போகாமலிருக்க மேலே நைஸான கண்ணுள்ள ஒரு வலை. இந்த வலை நாள் முழுக்க நம் கன்னத்திலும் காதிலும்தான் உரசிக்கொண்டிருக்கிறது. வியர்வை, தலைக்கு வைத்த எண்ணெய், முகத்துக்குப் போட்ட பவுடர், விபூதி, காது அழுக்கு எல்லாம் அதில்தான் அடைகிறது. யாருக்கு எது அடைகிறது என்பது அவரவர் தொழிலைப் பொறுத்தது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவர் போனில் பஞ்சு. மாவு மில்காரர் போனில் மாவு. அது வியர்வையோடு சேர்ந்து காய்ந்தால் கெட்டியாகிவிடும்.

எங்கள் தெருவில் இரும்பு. அதிலும் வார்ப்பிரும்பு. எம்.எஸ். என்கிற சாதாரண எஃகுக் கம்பியை லேத்தில் கடைந்தால் பிசிறு சுருள் சுருளாக வரும், அது போனுக்குள் போகாது. ஆனால் பம்ப் பாடி, மோட்டார் பாடி போன்ற வார்ப்பிரும்பு காஸ்டிங்கைக் கடைந்தால் வருவது நைஸான கறுப்புத் தூள். கையிலும் சட்டையிலும் படிந்திருக்கும். அந்தக் கையோடு போனை எடுத்துக் காதில் வைத்தால், ரிசீவருக்குள் இருக்கிற காந்தம் தூளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். சட்டைப் பையில் கிடந்தாலும் இழுக்கும்.

இந்த மாதிரி ஒரு போனை மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைத்துப் பார்த்தால் தூள் படுத்துக் கிடக்காது. காந்தத்தின் இழுப்பில் துகள்கள் நிமிர்ந்து நிற்கும். ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு மூன்றாக நுழைந்து, ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு, வலையே தெரியாத அளவுக்கு. அதற்கு மேல் வியர்வை பட்டு, துரு ஏறி, செம்பழுப்பாக ஒரு அடை. இப்படி அடைத்திருந்தால் ஃபுல் வால்யூமிலும் குரல் எப்படிக் கேட்கும்? கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலத்தான் கேட்கும்.

இரும்புத் தூளுக்கு வெறும் பிரஷ் போதாது. தட்டிவிட்டாலும் அந்தத் துகள் காற்றில் பறந்துபோகாது, காந்தம் அதை மறுபடி வலைக்கே இழுத்துக்கொள்ளும். அதற்கு டேப்தான் சரி. பெயின்டர்கள் ஒட்டுகிற காகித மாஸ்கிங் டேப்பை ஒரு துண்டு எடுத்து, வலையின் மேல் ஒட்டி, நகத்தால் லேசாக அழுத்தி, மேல்நோக்கி உரிக்க வேண்டும். டேப்பில் கறுப்பாக ஒரு கோடு பதிந்து வரும். புதுத் துண்டு எடுத்துத் திரும்ப. கோடு மங்கலாகிக்கொண்டே போகும். தூள் வராமல் டேப் வெறுமனே வரும் வரை செய்யுங்கள். பசை வலையில் ஒட்டிக்கொள்கிற செல்லோ டேப்பும், மின்சார வேலைக்கான கறுப்பு டேப்பும் வேண்டாம்.

மற்ற அழுக்குக்குப் பிரஷ் போதும். மயிர் மெத்தென்று இருக்கிற பல் துலக்கும் பிரஷ், குழந்தைகளுடையதென்றால் இன்னும் நல்லது, புதியதாகவும் ஈரமில்லாமலும் இருக்க வேண்டும். போனை அணைத்துவிட்டு, திரை தரையைப் பார்க்கும்படி கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு கீழிருந்து தேயுங்கள். மேலிருந்து தேய்த்தால் அழுக்கு வலைக்குள்ளேயே இறங்கும். கவிழ்த்துத் தேய்த்தால் கீழே உதிரும். எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் பிரஷ் நுனியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு சொட்டு தொட்டு, உதறிவிட்டு, ஈரம் இருக்கிறதா இல்லையா என்கிற அளவில் தேய்க்கலாம். வலை சொட்டச் சொட்ட நனையக் கூடாது, ஆல்கஹால் உள்ளே போனால் தகட்டை ஒட்டியிருக்கிற பசையை இளக்கிவிடும். பெட்ரோல், தின்னர், நகப்பூச்சு எடுக்கிற அசிட்டோன் இவற்றைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள்.

ஊசி, சேஃப்டி பின், குண்டூசி எதுவும் வேண்டாம். வலை கிழிந்தால் குரல் உடனே பெரிதாகக் கேட்கும், ஆஹா சரியாகிவிட்டது என்று தோன்றும். அதற்கு அப்புறம் தூள் நேராகத் தகட்டில் போய் உட்காரும், கரகரவென்று ஆரம்பிக்கும். டயருக்குக் காற்றடிக்கிற ஏர் கன்னை வைத்து ஊதுவதும் எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் வழக்கம். அந்தப் பிரஷரில் தகடே பிய்ந்துபோன ரிசீவர்களைப் பார்த்திருக்கிறேன். சில ஷாவ்மி போன்களில் ஸ்பீக்கரைச் சுத்தம் செய்ய என்றே செட்டிங்கில் ஒரு வசதி உண்டு, அரை நிமிடம் ஒரு ஒலியை எழுப்பித் தூசை உதறும். சாதாரணத் தூசுக்கு அது பரவாயில்லை. இரும்புக்கு உதவாது.

சுத்தம் செய்த பிறகும் குரல் கரகரத்தால் தூள் ஏற்கெனவே வலையைத் தாண்டிவிட்டது என்று பொருள். அப்போது ரிசீவரை மாற்ற வேண்டும்.

அதற்கு முன் டெம்பர் கிளாஸையும் பாருங்கள். இப்போதைய போன்களில் ரிசீவருக்கென்று பெரிய ஓட்டை கிடையாது, திரைக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் மெல்லிய ஒரு இடைவெளிதான். வேறு மாடலுக்கான கிளாஸை ஒட்டிவிட்டாலோ, ஒட்டும்போது அரை மில்லிமீட்டர் மேலே ஏறிவிட்டாலோ, அந்த இடைவெளி மூடிக்கொள்ளும். ஒட்டி சில மாதம் ஆன கிளாஸில் அதன் விளிம்பு ஓரமாகவே அழுக்கு வரிசையாகக் கட்டியிருக்கும். கிளாஸை உரித்துவிட்டுப் பேசிப் பாருங்கள். கிளாஸ் போனால் இன்னொன்று ஒட்டிக்கொள்ளலாம்.

போனைப் பிடிக்கிற விதமும் இதில் சேரும். பழைய நோக்கியா காலத்துப் பழக்கத்தில் போனின் நடுப்பகுதியைக் காதில் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்போது போன் குட்டி, எங்கே வைத்தாலும் காதுக்கு நேரே வந்துவிடும். இப்போது போன் ஒரு சாண் நீளம், ரிசீவர் அதன் உச்சியில் இருக்கிறது. குரல் கன்னத்து எலும்புக்கு மேலே எங்கோ போய்விடும். பேசிக்கொண்டே போனை மெதுவாகக் கீழே இறக்குங்கள். ஒரு இடத்தில் குரல் திடீரென்று தெளிவாகும். அந்த இடம்தான்.

இனி நெட்வொர்க். "சிக்னல் இல்லீங்க, அதான் மெதுவா கேக்குது" என்று நிறையப் பேர் சொல்வார்கள். இன்றைய போன்களில் குரல் எண்களாக மாறித்தான் காற்றில் போகிறது. சிக்னல் குறைந்தால் குரல் விட்டு விட்டு வரும், எழுத்துக்கள் விழுங்கப்படும், லைன் கட் ஆகும். சீராக, ஆனால் மெதுவாகக் கேட்கிறது என்றால் அது சிக்னல் கோளாறு இல்லை.

ஆனால் நெட்வொர்க்கால் குரல் மங்கிக் கேட்பது உண்டு, அது வேறு கதை. 2ஜியில் பேசும்போது குரலில் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதிதான் போகும். லேண்ட்லைன் காலத்திலிருந்து வருகிற அளவு அது. 4ஜியில் வோல்ட்டி (VoLTE, பேச்சை 4ஜியிலேயே கொண்டுபோகிற வசதி) வழியாகப் பேசும்போது 50 முதல் 7000 ஹெர்ட்ஸ் வரை போகும். மனிதக் குரலில் ச, ஸ, ஃப போன்ற ஒலிகளின் கூர்மை அந்த மேல் பகுதியில்தான் இருக்கிறது. அது போய்விட்டால் வால்யூம் குறையாவிட்டாலும் போர்வைக்குள்ளிருந்து பேசுகிற குரலாகிவிடும். ஜியோ 2016 செப்டம்பரில் ஆரம்பித்ததிலிருந்தே 4ஜி வோல்ட்டியில்தான் பேச்சு. மற்ற கம்பெனி சிம்களில் செட்டிங்கில் சிம் பக்கத்தில் வோல்ட்டி ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அணைந்திருந்தால் பேசும்போது போன் தானாகவே 2ஜிக்கு இறங்கிவிடும். தகரக் கூரை போட்ட பட்டறைக்குள் 4ஜி சரியாக எடுக்காதவர்கள், வைஃபை இருந்தால் வைஃபை காலிங்கையும் ஆன் செய்துகொள்ளலாம். இரண்டு பக்கமும் வோல்ட்டி இருந்தால்தான் முழுத் தெளிவு கிடைக்கும்.

வால்யூமைக் கூட்டுகிறேன் என்று சொல்லும் ஆப்களை இறக்காதீர்கள். பேச்சு ஓடும்போது ரிசீவருக்கு எவ்வளவு சத்தம் போகலாம் என்று போன் கம்பெனி ஒரு எல்லை வைத்திருக்கிறது. ஆப் அதற்குள் எதையும் பெரிதாகச் செய்துவிட முடியாது. விளம்பரம்தான் கூடும். ஆப் எதுவும் தேவைப்படாத ஒரு வழி இருக்கிறது, போனை ஒரு தடவை அணைத்துப் போடுவது. அதையும் செய்து பார்த்துவிடுங்கள்.

மழையில் நனைந்த பிறகு குரல் அமுங்கியிருந்தால், வலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கிறது. ரிசீவர் கீழே பார்க்கும்படி வைத்து, உள்ளங்கையில் மெதுவாகத் தட்டி, ஃபேன் காற்றில் ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். அரிசி மூட்டையில் புதைக்க வேண்டாம். அரிசியின் பொடியும் குருணையும் உள்ளே போகும். ஐபோனை அரிசியில் போடாதீர்கள் என்று ஆப்பிள் நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது.

இவ்வளவும் பார்த்தும் சரியாகவில்லை என்றால் கடைக்கு வாருங்கள். என் கடை என்றில்லை, உங்கள் பக்கத்துக் கடைக்கே போங்கள். ஆனால் என்ன சோதனை செய்கிறார் என்று நின்று பாருங்கள். டிஸ்ப்ளேயைத் திறந்து ரிசீவரின் இரண்டு முனைகளில் மல்டிமீட்டரை வைத்தால் கணக்கு வந்துவிடும். பல ரிசீவர்களில் 32 ஓம்ஸ் பக்கம் காட்டும், சில மாடல்களில் அதைவிடக் குறைவு. ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது, மாற்ற வேண்டும். சரியாகக் காட்டினால் ரிசீவரைக் குறை சொல்லக் கூடாது, வலையை எடுத்துவிட்டுக் கேட்டுப் பார்க்க வேண்டும், ரிசீவர் போர்டில் தொடுகிற பிடி கறுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போர்டில் ஒலியைக் கவனிக்கிற சில்லான ஆடியோ ஐசி வரை போவது கடைசியில்தான். ஒரு கிரைண்டர் ஆபரேட்டர் வந்தார், வேறொரு கடையில் மீட்டரையே எடுக்காமல் போர்டு வேலை என்று 3,500 ரூபாய் சொல்லியிருக்கிறார்கள். அவர் போனில் இருந்தது கிரைண்டிங் வீல் பொடியும் கூலன்ட் எண்ணெயும் சேர்ந்து உறைந்த ஒரு அடை. ஒரு வாரக் கூலியை விட அதிகமாகக் கேட்டிருக்கிறார்கள் என்பது இன்னும் மனதை அறுக்கிறது. ரிசீவர் மலிவான பொருள். நல்ல தரத்தில் போட்டு, கம்மை ஒழுங்காக ஒட்டித் தந்தால் போதும்.

கடைசியாக, போனில் எந்தக் கோளாறும் இல்லாதவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் பெரியப்பா வாழ்நாள் முழுக்க லேத் ஓட்டியவர். போன் சரியில்லை என்று மாற்றிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் நான் காதில் வைத்துப் பார்ப்பேன், பாதி வால்யூமிலேயே எனக்குத் தெளிவாகக் கேட்கும். "சத்தம் கேக்குதுடா. என்ன சொல்றாங்கன்னுதான் புரியறதில்ல" என்பார். இந்த வாக்கியத்தை யாராவது சொன்னால் கவனியுங்கள். இரைச்சலில் வேலை செய்த காதில் முதலில் பழுதாவது 4000 ஹெர்ட்ஸ் பக்கம். தாழ்ந்த ஒலிகள் கேட்கும். பஸ் போவது கேட்கும், கதவு சாத்துவது கேட்கும், பேச்சில் அ, ஆ, ஓ எல்லாம் கேட்கும். மெய்யெழுத்துக்கள் மட்டும் கரைந்துபோகும். ஆண் குரலைவிடப் பெண் குரலும் குழந்தைக் குரலும் கஷ்டமாக இருக்கும். நேரில் பேசும்போது உதட்டைப் பார்த்து நிரப்பிக்கொள்வார்கள், போனில் உதடு தெரியாது. அதனால் காது மந்தமாவது பல பேருக்கு முதலில் போன் கோளாறாகத்தான் தெரியவருகிறது. வீடியோ காலில் பரவாயில்லை, சாதாரணப் பேச்சில்தான் புரியவில்லை என்று சொன்னாலும் இதையே சந்தேகப்படலாம்.

நான் கடையில் செய்வது எளிது. அவர் போனில் அவரையே ஒரு காதில் கேட்கச் சொல்வேன், பிறகு அடுத்த காதில், பிறகு என் போனை வாங்கிக் கேட்கச் சொல்வேன். இரண்டு போனிலும் அதே மாதிரி இருந்தால் ரசீது எழுத மாட்டேன், காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போகச் சொல்வேன். சிலருக்குக் காதில் அடைத்த குறும்பியை எடுத்தாலே தீர்ந்துவிடுகிறது. மற்றவர்களுக்கு ஆடியோகிராம் எடுப்பார்கள், ஹெட்போன் மாட்டி ஒவ்வொரு ஒலியாகக் கேட்கவைத்து, கேட்கிறபோது கையைத் தூக்கச் சொல்கிற சோதனை. ஊசி இல்லை, வலி இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் எடுக்கிறார்கள். பெரியப்பாவின் தாளில் கோடு 4000க்குப் பக்கத்தில் பள்ளமாக இறங்கியிருந்தது.

காது மெஷின் வாங்கும் வரை, அல்லது வாங்க மனசு வராதவர்களுக்கு, வயர் உள்ள இயர்போன் நல்லது. ஒரே காதில் கேட்பதற்குப் பதில் இரண்டு காதிலும் குரல் வரும், வெளி இரைச்சலும் குறையும். மைக் வயரிலேயே இருக்கும். சார்ஜ் போட வேண்டியதில்லை, ஜோடி சேர்க்க வேண்டியதில்லை. பெரியவர்களுக்கு இந்த இரண்டுமே பெரிய நிம்மதி.

காதுக்குப் பின்னால் மாட்டுகிற மெஷின் போட்டவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். அந்த மெஷினின் மைக் காதுத் துளையில் இல்லை, காதின் மேல் மடலுக்குப் பின்னால் இருக்கிறது. அதனால் போனின் ரிசீவரைக் காதுத் துளைக்கு நேரே வைத்தால் மெதுவாகத்தான் கேட்கும். கொஞ்சம் மேலே தூக்கி, மெஷினின் மைக்குக்கு நேராக, அழுத்தாமல் ஒரு விரல் இடைவெளி விட்டுப் பிடிக்க வேண்டும். அழுத்தினால் கீச்சென்று விசிலடிக்கும். புளூடூத் உள்ள மெஷின் என்றால் போனோடு நேரடியாகவே சேர்த்துவிடலாம், பேச்சு மெஷினுக்கே வரும். வீட்டில் யாருக்கும் அதைச் சேர்க்கத் தெரியவில்லையென்றால் போனையும் மெஷினையும் சேர்த்துக் கடைக்குக் கொண்டுவாருங்கள். மதியம் பட்டறைகளுக்குச் சாப்பாட்டு நேரம், தெரு கொஞ்சம் அடங்கியிருக்கும். உட்காரவைத்துப் பேசிப் பார்த்துச் சரிசெய்ய அதுதான் வசதி.